சைக்கிள் கழகச் சந்தா ஏறிவிட்டது, இன்னும் இருக்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கத்து சைக்கிள் கழகம் ஒன்றில் நான் பொருளாளர். 2021இல் எங்கள் வருடச் சந்தா 2400 ரூபாய். 2023இல் அதை 4800 ஆக்கினோம். 2025 ஜனவரியில் 7200 ஆனது, இப்போதும் அதுதான். அன்றிலிருந்து டவுனிலும் பஸ்ஸிலும் கோயில் வாசலிலும் என்னைப் பிடித்து நிறுத்தி ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். கோபமாகக் கேட்பவர்களும் உண்டு, அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. ஒவ்வொருவரிடமும் நின்று சொன்ன பதில்களை இங்கே சேர்த்து எழுதுகிறேன். வேறு ஊரில் வேறு கழகத்தில் இருப்பவர்களுக்கும் இதில் பாதிக்கு மேல் பொருந்தும்.

நாலு வருடத்தில் மூன்று மடங்கு. அப்படி என்னதான் நடந்தது?

2022 நடந்தது. அந்த வருட மார்ச் தொடக்கத்தில் டொலர் 200 ரூபாய் அளவில் இருந்தது, மே மாதத்தில் 360 அளவுக்குப் போய்விட்டது. கியர் சைக்கிளின் செயின், பற்சக்கரம், பிரேக் கட்டை, கேபிள் எல்லாமே வெளிநாட்டிலிருந்து வருகிற சாமான். முன்பு இரண்டு செயின் வாங்கிய காசில் இப்போது ஒன்று வாங்குவதே கஷ்டம். வற் வரி 8 வீதமாக இருந்தது, 2022இலேயே 12 ஆகி, 15 ஆகி, 2024 ஜனவரியில் 18 ஆனது. 2021 கடைசியில் 177 ரூபாய்க்கு அடித்த பெற்றோல், 2022 ஜூனில் 470. அப்புறம் இறங்கினாலும் பழைய 177 திரும்பி வரவில்லை.

அந்த வருடம் நாங்கள் சந்தாவைக் கூட்டவில்லை. பெற்றோல் வரிசையில் இரவு முழுக்க நின்றவர்களிடமும், அரிசிக்கே காசு தேடி அலைந்தவர்களிடமும் கழகத்துக்குக் கூடக் கொடு என்று கேட்க மனம் வரவில்லை. சேமிப்பில் இருந்ததை எடுத்துத்தான் சமாளித்தோம், 2023 பிறக்கும்போது பெட்டி காலி. 2023இல் கூட்டியதும் போதவில்லை. ஆகவேதான் இரண்டாவது தடவையும் கூட்ட வேண்டி வந்தது.

விலைவாசி இரண்டு மடங்கு என்றால் சந்தாவும் இரண்டு மடங்குதானே ஆகவேண்டும்?

நல்ல கேள்வி. கூட்டத்திலும் இதைக் கேட்டார்கள், அங்கே சொன்ன பதிலையே இங்கேயும் சொல்கிறேன். ஆம், எங்கள் சந்தா விலைவாசியைவிடக் கூடுதலாகத்தான் ஏறியிருக்கிறது. 2021இல் எங்களுக்குப் பின்னால் வரும் வாகனம் கிடையாது, விபத்துக் காப்புறுதியும் கிடையாது. யாராவது விழுந்தால் வழியில் போகிற ஆட்டோவை மறிப்போம். அந்த நிலையை மாற்றியதால் வந்த செலவும் இந்த மூன்று மடங்குக்குள் இருக்கிறது.

மாற்றியே ஆக வேண்டுமா என்று கேட்கலாம். 2023 ஜனவரியில் நானுஓயா ரதல்ல குறுக்கு வீதியில் ஒரு பஸ், வேனிலும் ஆட்டோவிலும் மோதி ஏழு பேர் இறந்தார்கள். அந்தச் செங்குத்து எங்களுக்குத் தெரிந்த செங்குத்து. அந்த வாரம் யாரும் சைக்கிளை எடுக்கவில்லை. அடுத்து கூடிப் பேசியபோது முதலில் கை தூக்கியவர் ஓர் அங்கத்தவரின் மனைவி. எங்கள் கூட்டத்துக்கு அவர் வந்தது அதுதான் முதல் தடவை. "நீங்க விழுந்தா தூக்க யாரு இருக்கா?" என்று கேட்டார். எங்களிடம் பதில் இல்லை.

கொடுக்கிற காசு எங்கே போகிறது?

போன வருடக் கணக்கைச் சொல்கிறேன். உள்ளே வந்த ஒவ்வொரு நூறு ரூபாயிலும் நாற்பத்து நாலு ரூபாய், ஓட்டத்துக்குப் பின்னால் வரும் பட்டா என்கிற சின்ன லொறிக்குப் போனது. வாடகை, எரிபொருள், ஓட்டும் அண்ணனுக்குச் சாப்பாடு எல்லாம் அதில் அடக்கம். இருபத்து மூன்று ரூபாய் கருவிகளுக்கும் பொதுச் சாமான்களுக்கும் போனது. பதினேழு ரூபாய் காப்புறுதிக்கும் முதலுதவிப் பெட்டிக்கும். பதினொரு ரூபாய் பிள்ளைகளை வெளியூர்ப் போட்டிகளுக்குக் கூட்டிப்போன செலவு. மிச்சம் ஐந்து ரூபாய் சேமிப்புக்குப் போனது. பொருளாளர், செயலாளர் யாருக்கும் சம்பளம் இல்லை.

பெரிய பங்கு லொறிக்குப் போவதைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள் உண்டு. அவர்களை ஒரு தடவை அந்த லொறியில் ஏறி வரச் சொல்லுங்கள். நுவரெலியா 1868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து ரம்பொடை, புசல்லாவை வழியாகக் கம்பளைக்கு இறங்கினால் வளைவுக்கு மேல் வளைவு. மூடுபனியில் முன்னால் போகிறவரின் பின்விளக்கு மட்டும்தான் தெரியும். பின்னாலிருந்து வரும் பஸ்காரருக்கு அந்த விளக்கும் தெரியாது. கண்ணைக் குத்துகிற மஞ்சள் விளக்கோடு லொறி பின்னால் வந்தால்தான் பஸ் வேகத்தைக் குறைக்கிறது.

நான் மாதத்துக்கு இரண்டு ஞாயிறுதான் வருவேன். எனக்கு இது கட்டுபடியாகுமா?

7200ஐப் பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 600. இரண்டு ஓட்டம் என்றால் ஓட்டத்துக்கு 300. இந்தக் கணக்கைப் பலரும் போடுகிறார்கள், போடவும் வேண்டும். ஆனால் கழகத்தில் இல்லாவிட்டால் வேறு இடத்தில் எவ்வளவு போகும் என்பதையும் அதே தாளில் எழுதிப் பாருங்கள்.

செயினையே எடுத்துக்கொள்ளுங்கள். புதுச் செயினில் உள்தகடும் வெளித்தகடும் சேர்ந்த சோடியை ஒரு கண்ணியாக எண்ணி, பன்னிரண்டு கண்ணியை அளந்தால் சரியாக 12 அங்குலம் இருக்கும். ஓட ஓட ஊசிகள் தேய்ந்து செயின் நீளும். அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு நீண்டதும் மாற்றிவிட்டால் செயினோடு செலவு போய்விடும். மாற்றாமல் எட்டில் ஒரு பங்கு வரை விட்டால், நீண்ட செயின் பின்பற்சக்கரத்தையும் சேர்த்துத் தின்றிருக்கும். புதுச் செயின் போட்டாலும் பழைய பல்லில் நிற்காமல் துள்ளும். அப்போது இரண்டையும் வாங்க வேண்டும். மலையில் ஏறும்போது செயினில் விழுகிற பாரத்துக்கும், மழையில் ஒட்டுகிற மண்ணுக்கும், சமவெளி ஊர்க்காரர்களுக்கு வருவதைவிட இது எங்களுக்குச் சீக்கிரம் வந்துவிடும். கழகத்தில் மாதக் கடைசி ஞாயிறு எல்லாச் செயினையும் அளக்கிறோம். போன வருடம் என் சைக்கிளில் ஒரு பற்சக்கரம் தப்பியது இதனால்தான்.

மாதத்துக்கு ஒரு தடவைகூட வர முடியாது என்றால் முழுச் சந்தா கட்டாதீர்கள். விருந்தாளியாக வந்து, அன்றைய லொறிச் செலவின் பங்கை மட்டும் கொடுத்துவிட்டுப் போகலாம். பொருளாளராக இருந்துகொண்டு இப்படிச் சொல்லலாமா என்று கழகத்தில் ஒருவர் கேட்டார். சொல்லித்தான் ஆகவேண்டும்.

தனியாக ஓட்டினால் ஒரு சதமும் செலவில்லையே?

ஓட்டலாம். கொட்டகலைக்கும் தலவாக்கலைக்கும் இடையில் காலையில் தனியாகப் போய், டெவன் நீர்வீழ்ச்சியைப் பார்த்தபடி ஒரு பிளேன்டீ குடித்துவிட்டுத் திரும்புகிறவருக்குக் கழகம் தேவையில்லை. அந்தச் சந்தோஷத்துக்கு யாரும் சந்தா கேட்க முடியாது.

நீண்ட இறக்கங்களுக்கும் தெரியாத வீதிகளுக்கும் மட்டும் தனியே போகாதீர்கள். ஒரு நாள் நுவரெலியா ஏரிக்கரையில் நின்று, ரம்பொடைப் பக்கம் இறங்குவதற்கு முன்னால் வழக்கம்போல எல்லாச் சைக்கிளையும் பார்த்துக்கொண்டு வந்தோம். ஒரு தம்பியின் பின்சக்கர ரிம்மில் விரலை வைத்த எங்கள் ஆள் விரலை எடுக்கவே இல்லை. பிரேக் கட்டையின் ரப்பர் முழுக்கத் தேய்ந்து, உள்ளே இருந்த இரும்பு ரிம்மைச் சுற்றிச் சுற்றிக் கோடு கிழித்திருந்தது. முந்திய வாரம் மழையில் ஓட்டியிருக்கிறான். ஈர மணல் ரிம்மில் ஒட்டினால் உப்புத்தாள் மாதிரி வேலை செய்யும், ஒரே நாளில் கட்டையைக் கரைத்துவிடும். தம்பிக்கு ஒன்றும் தெரியாது, "கொஞ்சம் சத்தம் வந்திச்சுண்ணா" என்றான். லொறிப் பெட்டியிலிருந்து புதுக் கட்டை எடுத்துப் போட ஏழு நிமிடம் ஆனது. அந்த ஏழு நிமிடம் இல்லாமல் அவன் இறங்கியிருந்தால் என்று இப்போது நினைத்தாலும் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்தபடியே வரக்கூடாது, வளைவுக்கு முன்னால் பிடித்து விட வேண்டும், பிடித்தபடியே வந்தால் ரிம் சூடாகி உள்ளே டியூப் வெடிக்கலாம். தனியாக ஓட்டுகிறவருக்கு இதையெல்லாம் அனுபவம் சொல்லிக்கொடுக்கும். ஆனால் அந்தப் பாடத்தை ரோட்டில் விழுந்து படிக்க வேண்டியிருக்கும்.

ஜிம்முக்குக் கட்டுவதோடு ஒப்பிடலாமா?

ஒப்பிட வேண்டாம். ஜிம் இயந்திரம் ஜிம்காரருடையது, சைக்கிள் உங்களுடையது. இரண்டும் வேறு கணக்கு.

தோட்டத்துப் பிள்ளைகள் இவ்வளவு காசுக்கு எங்கே போவார்கள்?

என்னைத் தூங்கவிடாத கேள்வி இது. தேயிலைத் தோட்டத்தில் நாட்சம்பளம் 2021இல் 1000 ரூபாயானது, 2024இல் 1350 ஆனது. சந்தா 7200 ஆன 2025இல் இருந்த அந்த 1350ஐ வைத்துப் பார்த்தால் எங்கள் வருடச் சந்தா ஓர் அம்மா ஐந்து நாளைக்கு மேல் மலையில் நின்று கொழுந்து பறித்த காசு. சம்பளச் சீட்டில் தொழிற்சங்கச் சந்தா வெட்டுப்படுவதை மாதாமாதம் பார்க்கிற வீட்டில், 'சந்தா' என்ற வார்த்தையே ஒரு கசப்பு. மரண உதவிச் சங்கம், கோயில் வரி, சீட்டுக் காசு என்று ஏற்கெனவே ஒரு வரிசை நிற்கிறது. அதன் கடைசியில்தான் நாங்கள் போய் நிற்கிறோம்.

4800 ஆக்கிய வருடம் ஒரு பையன் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டான். சாதாரண தரம் படிக்கிறவன், ஏற்றத்தில் எங்களில் யாருமே அவனைப் பிடித்ததில்லை. பரீட்சை என்று நினைத்துக்கொண்டோம். இரண்டு மாதம் கழித்து அவன் இருக்கிற லயத்துக்கு, தோட்டத்து வரிசை வீட்டுக்குப் போனேன். முன் திண்ணையான இஸ்தோப்பின் உத்தரத்தில் கயிறு கட்டிச் சைக்கிளைத் தலைகீழாகத் தொங்கவிட்டிருந்தான். இருக்கையைச் சாக்கால் சுற்றியிருந்தது. செயினைத் தொட்டுப் பார்த்தேன், விரலில் புது எண்ணெய். ஓட்டாத சைக்கிளுக்கு வாராவாரம் எண்ணெய் போட்டிருக்கிறான். ஏன் வரவில்லை என்று நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. அவன் அம்மா தேங்காய் ரொட்டி கொடுத்தார், சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

அடுத்த கூட்டத்தில் விதியை மாற்றினோம். பாடசாலைப் பிள்ளைகளுக்குப் பாதிச் சந்தா, அதையும் மாதாமாதம் கட்டலாம், இப்போதைய கணக்கில் 300 ரூபாய். அந்த 300ம் முடியாது என்றால் பொருளாளரிடம் மட்டும் சொன்னால் போதும், பெயர் கூட்டத்தில் வாசிக்கப்படாது. வசதியுள்ள அங்கத்தவர்கள் விரும்பினால் இன்னொரு பிள்ளையின் சந்தாவைச் சேர்த்துக் கட்டலாம், யாருக்காகக் கட்டுகிறார்கள் என்பது அவர்களுக்கும் தெரியாது. அந்தப் பையன் திரும்பி வந்துவிட்டான். உங்கள் கழகத்தில் கட்டணத்தைக் கூட்டப் போகிறார்கள் என்றால், எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால், முடியாத பிள்ளைக்கு என்ன வழி என்று கேளுங்கள்.

ஜெர்சி வருடாவருடம் வாங்கவேண்டுமா?

எங்களிடம் அந்த விதி இல்லை. நான் முன்பு இருந்த ஒரு கழகத்தில் இருந்தது. சந்தா குறைவு என்று பெருமையாகச் சொல்லுவார்கள். ஆனால் ஒவ்வொரு வருடமும் நிறத்தை மாற்றிப் புது ஜெர்சி கட்டாயம், அது ஒருவரின் சொந்தக்காரர் கடையில்தான் தைக்கவேண்டும், ஓட்டத்துக்கு ஓட்டம் தனிக் கட்டணம், தேநீருக்குத் தனி வசூல். ஒரு டிசம்பரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தேன். சந்தாவைப் போல நாலு மடங்கு போயிருந்தது, ஒன்றுக்கும் பற்றுச்சீட்டு இல்லை. கணக்கு கேட்டேன். "நம்பிக்கை இல்லையா?" என்று திருப்பிக் கேட்டார்கள். அன்றோடு விலகிவிட்டேன்.

சந்தா குறைவாக இருக்கிற கழகத்தில் மற்றச் செலவுகளையும் கூட்டிப் பாருங்கள்.

எங்கள் கழகம் கணக்கு காட்டவே மாட்டேன் என்கிறது. என்ன செய்யலாம்?

முதலில் சண்டை போடாமல் எழுத்தில் கேளுங்கள். வாயால் கேட்டால் அது புகார் ஆகிவிடும், கடிதமாகக் கொடுத்தால் கூட்டத்தில் வாசித்தாக வேண்டும். தனியாகக் கேட்காமல் நாலைந்து பேர் கையெழுத்துப் போட்டுக் கேளுங்கள். வருடாந்தப் பொதுக்கூட்டம், வரவு செலவு அறிக்கை, கணக்குப் பார்க்கக் குழுவில் இல்லாத ஒருவர், ஒவ்வொரு வசூலுக்கும் இலக்கமிட்ட பற்றுச்சீட்டு. நீங்கள் கேட்பது இவ்வளவுதான். ஊரில் மரண உதவிச் சங்கத்தில் தாத்தாமார் காலத்திலிருந்தே இதைச் செய்கிறார்கள். ஒரு மரணம் நடந்தால் அடுத்த நாள் எவ்வளவு கொடுத்தோம் என்று கொப்பியில் எழுதி எல்லோருக்கும் வாசிப்பார்கள். சைக்கிள் கழகத்தால் மட்டும் அது ஏன் முடியாது?

கேட்ட பிறகும் ஒரு பொதுக்கூட்டம் வரைக்கும் காட்டவில்லை என்றால் அடுத்த வருடச் சந்தாவைக் கட்டாதீர்கள்.

மழை மாதங்களில் ஓட்டமே இல்லை. அதற்கும் ஏன் கட்டவேண்டும்?

ஓட்டம் இல்லை என்பது முழு உண்மை இல்லை. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை வட்டவளை, கினிகத்தேனைப் பக்கத்தை ஊறவைக்கும். ஆனால் ஜூலை, ஆகஸ்டில் வட்டவளையில் குடை பிடிக்கிற அதே நாளில் வெலிமடையில் நல்ல வெயில். அந்த மாதங்களில் சைக்கிள்களை லொறியில் ஏற்றி, வெலிமடையும் பதுளையும் இருக்கிற ஊவாப் பக்கம் போய்விடுவோம். வருட முடிவில் வடகீழ்ப் பருவமழை பதுளைப் பக்கம் திரும்பும்போது நாங்கள் இந்தப் பக்கம். லொறிக் காசின் ஒரு பகுதி இதற்குத்தான் போகிறது. இரண்டு பக்கமும் நனைந்தால் மண்டபத்தில் பிரேக் மாற்றவும் சக்கரக் கம்பி இறுக்கவும் பழகுவோம்.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது கதை வேறு. மண்சரிவு மலையகத்தையே புரட்டிப்போட்டது, உயிர்கள் போயின, வீதிகளும் வீடுகளும் போயின. அப்போது நாங்கள் ஓட்டம் நடத்தவில்லை. சேமிப்பில் இருந்த அந்த ஐந்து வீதக் காசை எடுத்து உலருணவு வாங்கினோம், லொறி போக முடியாத லயங்களுக்குச் சைக்கிளிலும் தோளிலும் கொண்டுபோனோம். இடம்பெயர்ந்த அங்கத்தவர்களிடம் 2026க்குச் சந்தா வாங்கவில்லை. மற்றவர்களுக்கும் கூட்டவில்லை.

பெண்பிள்ளைகளை அனுப்பலாமா? அவர்களுக்கும் அதே காசா?

அதே விதி, அதே பாதிச் சந்தா. பெற்றோர் கேட்பது காசைப் பற்றி அல்ல என்று எனக்குத் தெரியும். பெண்பிள்ளைகள் வருகிற ஓட்டத்தில் லொறியில் ஓர் அக்கா கட்டாயம் இருப்பார். உடை மாற்ற இடம் எங்கே, எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்பதெல்லாம் முதல் நாளே வீட்டுக்குச் சொல்லப்படும். முதல் இரண்டு ஓட்டத்துக்கு அம்மாவோ அப்பாவோ லொறியில் கூட வரலாம். ஒரு அப்பா அப்படி வந்தார், மூன்றாவது ஓட்டத்துக்கு அவரே ஒரு பழைய சைக்கிளைத் தேடி எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

இடையில் விலகினால் காசு திரும்பக் கிடைக்குமா?

மாதாமாதம் கட்டுகிறவர் அடுத்த மாதம் நிறுத்திவிடலாம். வருடக் காசை மொத்தமாகக் கட்டியவருக்கு, வேலை மாறிக் கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ போகிறார் என்றால், மிச்ச மாதங்களின் பாதியைத் திருப்பிக் கொடுப்போம். காப்புறுதிக் காசு முதலிலேயே போய்விடுவதால் முழுக்கக் கொடுக்க முடிவதில்லை.

இன்னும் கூடுமா?

2026இல் கூடாது, அதைக் கூட்டத்தில் தீர்மானமாக எழுதியிருக்கிறோம். அடுத்த வருடத்துக்கு வாக்குக் கொடுக்க மாட்டேன். கூட்டுவதாக இருந்தால் மூன்று மாதத்துக்கு முன்னால் கணக்கோடு சொல்லி, வாக்கெடுத்துத்தான் கூட்டுவோம். லொறிச் செலவைக் குறைக்க, பக்கத்து ஊர்க் கழகத்தோடு சேர்ந்து ஓடலாமா என்று பேசிக்கொண்டிருக்கிறோம். ஒரே லொறி இரண்டு கழகத்துக்கும் போனால் அந்த நாற்பத்து நாலு ரூபாய் பாதியாகும்.

என்னிடம் இருப்பது பழைய சைக்கிள், கியர்கூட சரியாக மாறாது. சேரலாமா?

வாருங்கள். கழகத்தில் இரவல் சைக்கிள் மூன்று இருக்கிறது, உயரத்துக்கு ஏற்றதை எடுத்து இரண்டு மாதம் ஓட்டிப் பாருங்கள். அந்த இரண்டு மாதத்துக்குச் சந்தா இல்லை. உங்கள் பழையதையும் கொண்டுவாருங்கள். கியர் மாறாததற்குப் பத்தில் எட்டுத் தடவை துருப்பிடித்த கேபிள்தான் காரணம், அரை மணி நேர வேலை. ஹெல்மட் மட்டும் சொந்தமாக இருக்கட்டும், ஒரு தடவை விழுந்து அடிபட்ட ஹெல்மட் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் அதைக் கொண்டுவராதீர்கள். ஞாயிறு காலை ஆறு மணிக்கு லொறி புறப்படும், ஐந்தரைக்கு வந்தால் உங்கள் பிரேக்கைப் பார்க்க நேரம் இருக்கும்.